மறு: ஆயில் சோதனை அறிக்கையில் 'லிமிட்' என்பதற்குத் தமிழ்: வரம்பா, கெடுவா?

மடல் 1 (திருச்செங்கோடு)

குழுவினருக்கு வணக்கம்.

போர்வெல் ரிக்கில் கம்ப்ரசரை ஓட்டும் டீசல் எஞ்சினுக்கான பராமரிப்புக் கையேட்டில், ஓடிய ஆயிலை ஆய்வகத்தில் சோதிப்பது பற்றி ஓர் அத்தியாயம் வருகிறது. ஆயிலை மாற்ற வேண்டுமா, இன்னும் ஓட்டலாமா, உள்ளே எது தேய்கிறது என்பதை ரிக் மேனேஜரே அறிக்கையைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். மூன்று சொற்கள் உடனே தேவை. என் வரைவு:

வேர் மெட்டல்: தேய்மான உலோகம்
ட்ரெயின் இன்டர்வல்: எண்ணெய் மாற்றும் இடைவெளி
கண்டெம்னிங் லிமிட் (இதைத் தாண்டினால் உதவாது என்று ஒதுக்கும் அளவு): நிராகரிப்பு வரம்பு

மூன்றாவது எனக்கே நிறைவாக இல்லை. எதை நிராகரிக்கிறோம் என்பது அதில் இல்லை.

மடல் 2 (சென்னை)

> வேர் மெட்டல்: தேய்மான உலோகம்

வணக்கம் ஐயா. 'தேய்மானம்' வேண்டாம் என்பேன். கணக்குப்பதிவியல் பாடநூலில் அது சொத்தின் மதிப்பு ஆண்டுதோறும் குறைவதைக் குறிக்கிறது. ரிக் முதலாளி ஆடிட்டரிடம் அன்றாடம் கேட்கும் சொல் அது. 'தேய்மானம் கூடியிருக்கிறது' என்று கையேடு சொன்னால் அவர் வேறொன்றைப் புரிந்துகொள்வார். 'தேய்வு' போதும். சின்ன சொல், வேறு துறையில் மாட்டிக்கொள்ளாத சொல்.

இரண்டாவது, அறிக்கையில் வரும் தனிமங்கள் எல்லாமே தேய்வில் வருபவை அல்ல. மூன்று வகையாகப் பிரித்துப் பெயர் வைத்தால்தான் படிக்க முடியும். இரும்பு, குரோமியம், அலுமினியம், ஈயம், வெள்ளீயம், செம்பு ஆகியவை எஞ்சின் பாகங்களிலிருந்து வருபவை, தேய்வுலோகம். சிலிக்கன், சோடியம், பொட்டாசியம் வெளியிலிருந்து நுழைபவை. தூசியும் ரேடியேட்டர் தண்ணீரும். இவற்றுக்குப் 'புறமாசு'. கால்சியம், மக்னீசியம், துத்தநாகம், பாஸ்பரஸ் ஆகியவை ஆயில் தயாரிக்கும்போதே சேர்ப்பவை. இவற்றுக்குச் 'சேர்மானம்'. லேகியத்துக்கும் மசாலாவுக்கும் நாம் சொல்லும் அதே சேர்மானம்தான். 'சேர்மம்' என்று எழுதிவிடக் கூடாது; வேதியியலில் அது வேறு.

இந்தப் பிரிவினை வெறும் பெயர் அழகுக்காக அல்ல. சிலிக்கனும் அலுமினியமும் சேர்ந்து ஏறி, கூடவே இரும்பும் குரோமியமும் ஏறினால், ஏர் ஃபில்டர் வழியாகவோ விரிசல் விட்ட ஹோஸ், தளர்ந்த கிளாம்ப் வழியாகவோ தூசி உள்ளே போய் சிலிண்டர் லைனரையும் பிஸ்டன் ரிங்கையும் அரைக்கிறது என்று பொருள். பாறைத்தூள் பறக்கும் இடத்தில் நிற்கும் எஞ்சினுக்கு முதல் எதிரி இதுதான். சிலிக்கன் மட்டும் தனியே ஏறினால் பதறத் தேவையில்லை. அண்மையில் தடவிய கேஸ்கட் பசையிலிருந்து வரலாம். நுரை தடுக்கும் சேர்மானத்திலும் சிறிது சிலிக்கன் உண்டு. சில ஆயில்களில் சோடியமே சேர்மானமாக இருக்கும். அதனால்தான் பீப்பாயிலிருந்து எடுத்த புது ஆயிலையும் ஒருமுறை சோதித்து வைக்க வேண்டும். அந்த அடிப்படை எண் கையில் இல்லாவிட்டால் எது மாசு, எது சேர்மானம் என்று சொல்ல முடியாது.

மடல் 3 (யாழ்ப்பாணம்)

எல்லாருக்கும் வணக்கம். தேய்வுலோகத்துக்குப் பதில் 'தேய்துகள்' என்று ஒரு சொல்லை முன்வைக்க வந்தேன். வினைத்தொகையில் அமைந்தால் இன்னும் சுருக்கமாக இருக்கும். தேய்வது துகள் இல்லையே என்று ஆட்சேபிக்கலாம். உண்கலம் என்கிறோம், கலமா உண்கிறது?

ஆனால் யோசித்துப் பார்த்தால் இரண்டு சொல்லும் இரண்டு பொருளுக்கு வேண்டியிருக்கிறது. ஐ.சி.பி. நிறமாலைக் கருவி ஆயிலை எரித்து உலோகத்தை அளக்கிறது. ஏறத்தாழ 5 முதல் 8 மைக்ரானுக்கு மேற்பட்ட துண்டுகள் அதில் முழுதாக எரியா, எண்ணில் வரா. ஒரு பேரிங் செதில் செதிலாகப் பெயரத் தொடங்கினால் பெரிய துண்டுகளே விழும். அப்போது அறிக்கையில் இரும்பு சாதாரணமாகத்தான் தெரியும். அதைப் பிடிக்க பி.க்யூ. குறியீடு வேணும், அது காந்தத்தால் ஈர்க்கப்படும் இரும்பைத் துண்டின் பருமன் பாராமல் அளக்கும். இரும்பு குறைவாயும் பி.க்யூ. உயர்வாயும் இருந்தால் பெரிய துண்டுகள் விழுகின்றன.

ஆகவே: கருவி பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்று காட்டுவது தேய்வுலோகம். கண்ணுக்கோ காந்தத்துக்கோ அகப்படுவது தேய்துகள். காந்தம் இரும்பை மட்டுமே பிடிக்கும் என்பதையும் எழுதவேணும். பேரிங்கின் ஈயமும் வெள்ளீயமும் அதில் ஒட்டா.

பழைய ஆயில் ஃபில்டரை வெட்டி மடிப்புகளை விரித்துப் பார்க்கச் சொல்லும் இடத்திலும் தேய்துகள் என்றே எழுதலாம். ஹாக்ஸா பிளேடால் அறுக்கக் கூடாது என்பதையும் சேர்க்கவும். அறுத்த தூளே உள்ளே விழுந்து, எஞ்சின் தேய்வு போலத் தோற்றும். உருளைக் கத்தி வைத்த ஃபில்டர் வெட்டி வேணும்.

இன்னொன்று. விஸ்காசிட்டி, அதாவது ஆயிலின் கெட்டித்தன்மை, தமிழ்நாட்டுப் பாடநூலில் 'பாகுநிலை', எங்கள் பாடநூலில் 'பிசுக்குமை'. கையேடு தமிழ்நாட்டுக்கு என்பதால் பாகுநிலையே இருக்கட்டும். முதல் இடத்தில் மட்டும் பிசுக்குமை என்றும் சொல்வர் என ஒரு வரி போதும்.

மடல் 4 (திருச்செங்கோடு)

தேய்வுலோகம், தேய்துகள் இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். இனி 'இடைவெளி'. பட்டறையில் யாரும் இடைவெளி என்று சொல்வதில்லை. 'ஆயில் மாத்துற டைம் ஆயிருச்சு', 'மணி முடிஞ்சிருச்சு' என்பார்கள். ரிக்கில் கணக்கு கிலோமீட்டரில் இல்லை, மணிமீட்டரில். 'கெடு' என்ற சொல்லை யோசித்துப் பாருங்கள். நாளிதழில் தினமும் வருகிறது: கெடு விதித்தார்கள், கெடு முடிந்தது. குறித்த காலம் என்ற பொருளும் இருக்கிறது, கெட்டுப்போவதும் ஒலிக்கிறது. 250 மணி ஓட்டம் என்பது ஆயிலின் கெடு.

மடல் 5 (சென்னை)

> 250 மணி ஓட்டம் என்பது ஆயிலின் கெடு.

சொல் பிடித்திருக்கிறது. பொருத்திய இடம்தான் சரியில்லை. 250 மணி என்பது எஞ்சின் தயாரிப்பாளர் எல்லா இடத்துக்கும் சேர்த்து முன்கூட்டியே போட்ட கணக்கு. அது 'தவணை'. இந்த ஆயில், இந்த எஞ்சினில், உண்மையில் எப்போது உதவாமல் போகிறது என்பது சோதனையில் தெரிவது. அதுதான் 'கெடு'. தவணையை மணிமீட்டர் சொல்லும். கெடுவை ஆய்வகம் சொல்லும். கெடு தவணைக்கு முன்பும் வரலாம், பின்பும் வரலாம். இந்த வேறுபாட்டுக்குத்தான் அத்தியாயமே எழுதுகிறீர்கள்.

ஆக, உங்கள் 'நிராகரிப்பு வரம்பு' போகட்டும்; அங்கே 'எண்ணெய்க் கெடு' வரட்டும். ஆனால் அதைத் தேய்வுலோகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. இதை நான் அழுத்திச் சொல்கிறேன். ஆங்கில அறிக்கையில் எல்லா வரிசைக்கும் ஒரே 'லிமிட்' போட்டிருப்பதால் நடக்கும் தவறு இதுதான்: இரும்பு ஏறியிருக்கிறது, உடனே ஆயிலை மாற்று என்கிறார்கள். ஆயில் கெடவில்லை, எஞ்சின்தான் தேய்கிறது. ஆயிலை மாற்றினால் எண் கீழே இறங்கும், காரணம் அப்படியே இருக்கும். உடைந்த ஏர் ஃபில்டர் உறையை யாரும் தேட மாட்டார்கள்.

எண்ணெய்க் கெடுவை முடிவு செய்பவை வேறு. முதலில் மொத்தக் கார எண். எரிப்பில் உண்டாகும் அமிலத்தை முறிக்க ஆயிலில் எவ்வளவு காரம் மிச்சம் என்று அது காட்டும். புது ஆயிலில் 10 இருந்தால் 5-க்கு வந்ததும் மாற்றலாம் என்பது நடைமுறை. அமில எண் ஏறிவந்து கார எண்ணைத் தொடுகிறதா என்பதையும் பார்ப்பார்கள். 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ். 6 (பாரத் ஸ்டேஜ் 6) தர டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குதான்; பி.எஸ். 3-ல் 350. அதனால் முன்பு போலக் காரம் வேகமாகத் தீர்வதில்லை. ஒரு எச்சரிக்கை: கார எண்ணை அளக்க ஏ.எஸ்.டி.எம். டி 2896, டி 4739 என்று இரண்டு சோதனை முறைகள் இருக்கின்றன. ஒரே ஆயிலுக்கு இரண்டாவது முறை குறைவான எண்ணைத் தரும். புது ஆயிலை ஒரு முறையிலும் ஓடிய ஆயிலை மறு முறையிலும் சோதித்தால் இல்லாத வீழ்ச்சி தெரியும்.

அடுத்தது பாகுநிலை. 15டபிள்யூ-40 என்ற தரத்து ஆயில் 100 டிகிரி செல்சியஸில் 12.5-க்கும் 16.3 சென்டிஸ்டோக்ஸுக்கும் (பாகுநிலையின் அலகு) இடையில் நிற்க வேண்டும். டீசல் கலந்தால் இறங்கும். புகைக்கரி சேர்ந்தாலும் ஆயில் காய்ந்து முறுகினாலும் ஏறும். இரண்டும் சேர்ந்து நடந்தால் ஒன்றை ஒன்று ஈடுசெய்து பாகுநிலை 'சரி' என்று காட்டும். ஆகவே டீசல் கலப்பையும் புகைக்கரியையும் தனித்தனியே கேட்டு வாங்க வேண்டும். டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் ஊசி ஒழுகி டீசல் கலந்திருந்தால் அங்கே ஆயிலையும் மாற்ற வேண்டும், ஊசியையும் பார்க்க வேண்டும்.

தேய்வுக்கு 'தேய்வு எச்சரிக்கை' என்று வையுங்கள். கெடு வந்தால் ஆயிலை வடி. எச்சரிக்கை வந்தால் காரணத்தைத் தேடு.

மடல் 6 (யாழ்ப்பாணம்)

தவணை, கெடு, எச்சரிக்கை மூன்றும் நன்று. எச்சரிக்கையை வெறும் எண்ணில் வைக்காமல் 'தேய்வு வீதம்' என்று இன்னொரு சொல் வேணும். 250 மணியில் இரும்பு பத்து லட்சத்தில் 45 பங்கு என்றால் மணிக்கு 0.18. 400 மணியில் 64 என்றால் மணிக்கு 0.16. பெரிய எண்ணைப் பார்த்து இரண்டாவது எஞ்சின் மோசம் என்று முடிவு கட்டினால் தவறு. அதே 250 மணியில் போன முறை 45, இந்த முறை 95 என்றால் அதுவே எச்சரிக்கை.

இடையில் ஊற்றிய ஆயிலும் கணக்கைக் குழப்பும். எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப் 25 லிட்டர், கசிந்தோ எரிந்தோ 5 லிட்டர் குறைந்து, புதிதாய் 5 ஊற்றினால், அதுவரை சேர்ந்த இரும்பில் ஐந்தில் ஒரு பங்கு வெளியே போய்விட்டது. 60 இருந்தது 48 ஆகும். கார எண்ணும் புது ஆயிலால் நன்றாகத் தோன்றும். அந்த ஊற்றுக்கு 'மேல்நிரப்பு' எனலாம்.

மடல் 7 (திருச்செங்கோடு)

மேல்நிரப்பு நல்ல சொல். 'டாப்-அப்' என்பவருக்கும் உடனே புரியும். மாதிரி எடுக்கும் பத்தியை இந்தச் சொற்களோடு எழுதிப் பார்த்தேன்:

'எஞ்சின் ஓடிச் சூடாக இருக்கும்போதே மாதிரி எடுக்கவும். ஆறிவிட்டால் தேய்துகள் அடியில் படிந்துவிடும். டிப்ஸ்டிக் துளை வழியே எடுப்பதானால் குழாயை டிப்ஸ்டிக்கின் நீளத்துக்கு அளந்து வெட்டி உறிஞ்சு பம்பில் மாட்டவும். சம்பின் அடியைத் தொட்டால் சகதி வரும். ஒவ்வொரு முறையும் புதுக் குழாய். வடிக்கும்போது எடுத்தால் முதலில் வருவதை விட்டு, நடு ஓட்டத்தில் பிடிக்கவும். காய்ந்த சுத்தமான புட்டியில் முக்கால் அளவு, 100 மில்லி போதும். மேல்நிரப்பு செய்த கையோடு எடுக்கக் கூடாது. புட்டியின் மேல் எஞ்சின் மொத்த மணி, இந்த ஆயில் ஓடிய மணி, மேல்நிரப்பு எத்தனை லிட்டர், ஆயிலின் பெயரும் தரமும், தேதி ஆகியவற்றை எழுதவும். ஆயில் ஓடிய மணி இல்லாத புட்டிக்குத் தேய்வு வீதம் கணக்கிட முடியாது.'

தண்ணீர் இருக்கிறதா என்று சுமார் 160 டிகிரி சூட்டுத் தகட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பதற்கு 'சடசடப்புச் சோதனை' என்று வைத்திருக்கிறேன். கடுகு தாளிக்கும் ஒலியை வைத்து வந்த சொல்.

மடல் 8 (சென்னை)

சடசடப்புச் சோதனை அப்படியே இருக்கட்டும், மாற்ற வேண்டாம். கையேட்டின் தனிம அட்டவணையில் செம்புக்கு மட்டும் ஒரு குறிப்புச் சேர்க்கவும். செம்பு தனியே ஏறினால் பெரும்பாலும் புதிதாய் உள்ள ஆயில் கூலரின் செம்பு ஆயிலோடு வினைபுரிந்து கரைவது. சில தவணைகளில் தானே இறங்கும். அதைத் தேய்வு என்று எழுதக் கூடாது, 'செம்புக் கரைவு' என்று எழுதுங்கள். ஈயமும் வெள்ளீயமும் கூடவே ஏறினால்தான் பேரிங். அப்போது அடுத்த தவணை வரை காத்திருக்காமல் 50 மணி ஓட்டத்துக்குள் மறு மாதிரி அனுப்பச் சொல்லவும்.