ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் நட்பு, காதல், கல்யாணம்: கூட இருந்து பார்த்தவர்கள் சொல்வது

சிறப்பாசிரியர், மதுரை அண்ணா நகர்:
பதினாறு பதினேழு வயசுல சிக்கல் ஆரம்பிக்கிறது வாட்ஸ்அப்லதான். பையனுக்குப் பிடிச்ச பொண்ணு பதில் போடலைன்னா, மெசேஜ் போகலைன்னு நினைச்சு வரிசையா அனுப்பிக்கிட்டே இருப்பான். அவன் மனசுல கெடுதல் இல்ல, ஆனா அவளுக்கு நடுக்கம். "நிறைய அனுப்பாதடா"ன்னு சொல்லிப் பிரயோஜனமில்ல. நிறையன்னா எத்தனைன்னு கேப்பான், நியாயமான கேள்வி. எண்ணாச் சொல்லணும்: பதில் வராம ரெண்டுக்கு மேல போகக் கூடாது.

அடுத்தது, நம்ம ஊர்ல யாரு முகத்துக்கு நேரா "வேண்டாம்"னு சொல்றாய்ங்க? "பாக்கலாம்", "வீட்ல கேக்கணும்", "பரீட்சை முடியட்டும்". இதையெல்லாம் அவன் அப்படியே நம்பி, பரீட்சை முடிஞ்ச மறுநாள் போய் நிப்பான். இந்த மாதிரி பதில்களை ஒரு தாள்ல எழுதிக் கொடுங்க. ரெண்டு தடவை கேட்டும் தெளிவான "சரி" வரலைன்னா, பதில் "இல்லை". அதுக்கப்புறமும் பஸ் ஸ்டாப்ல போய் நின்னா பாரதிய நியாய சன்ஹிதா 78ஆம் பிரிவு, பின்தொடர்தல் குற்றம். ரெண்டு பேர்ல ஒருத்தர் பதினெட்டுக்குக் கீழன்னா, அவங்க சம்மதிச்சாலும், பிள்ளைகளைப் பாலியல் குற்றத்துல இருந்து காக்குற போக்சோ சட்டத்துல அந்தச் சம்மதம் செல்லாது. இதை மறைக்காமப் பிள்ளைகிட்டயே சொல்லுங்க.

உளவியல் ஆலோசகர், கே.கே.நகர்:
மேலே சொன்னதோட சேர்த்து, இடத்தையும் கவனிக்கணும். முதல் சந்திப்புக்குக் கூட்டம் நெரியுற மாசி வீதி சாயங்காலம் ஆகாது. சித்திரைத் திருவிழா நேரம் ஆகவே ஆகாது. காந்தி மியூசியம் வளாகத்துல மர நிழல் உண்டு, வார நாள் காலையில கூட்டம் குறைவு. நாப்பத்தஞ்சு நிமிஷம் போதும், முடியும் நேரத்தை முன்னாடியே பேசி வச்சுக்கணும். எதிரெதிரே உக்காராம பக்கத்துல உக்காந்தா கண்ணைப் பாத்தே ஆகணும்ங்கிற நெருக்கடி இல்ல.

மல்லிகை வாசம் சிலருக்குத் தலைவலியையே கொண்டுவரும். சும்மா முகத்தைத் திருப்பிக்கிட்டா, அந்தப் பொண்ணு தன்னைப் பிடிக்கலைன்னு நினைச்சுப் போயிரும். "பூ வாசம் எனக்குத் தாங்காது, உன்னைப் பிடிக்கும்"னு ரெண்டையும் சேர்த்தே சொல்லப் பழக்குங்க. தொடுறதும் அப்படித்தான்: சிலருக்கு லேசான தொடுகை எரிச்சல், அழுத்திப் பிடிச்சா நிம்மதி. கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணும்.

ஆட்டிசம்காரங்களுக்கு அடுத்தவர் மனசு புரியாதுன்னு பேசுறதுல எனக்கு உடன்பாடில்ல. தானும் ஆட்டிசம் உள்ளவரான ஆய்வாளர் டேமியன் மில்டன் 2012இல் எழுதினது, ஆட்டிசம் உள்ளவங்க, இல்லாதவங்கன்னு இருபக்கமும் புரியாமை இருக்குன்னு. ஆட்டிசம் உள்ள ரெண்டு பேர் கல்யாணம்னா, "ஒரே மாதிரி ரெண்டு பேரு சேந்தா குடும்பம் விளங்குமா"ன்னு கேக்குறவங்க இதை யோசிக்கணும்.

குடும்பநல வழக்கறிஞர்:
"கால்கட்டு போட்டா சரியாயிரும்"னு வீட்ல சொல்வாங்க. சரியாகாது, ஆட்டிசம் வாழ்நாள் முழுக்க இருக்கிறது. மறைச்சு முடிச்சா, இந்து திருமணச் சட்டம் 12ஆம் பிரிவில், முக்கியமான உண்மையை மறைத்த மோசடின்னு சொல்லி, தெரிய வந்த ஒரு வருஷத்துக்குள்ள திருமணத்தை ரத்து செய்யக் கேட்க வழியிருக்கு. நிச்சயத்துக்கு முன்னாடியே சொல்லிருங்க. தரகர் வழியா வேண்டாம். முடிஞ்சவரை மாப்பிள்ளையோ பொண்ணோ தானே சொல்லட்டும். சான்றிதழை நீட்டுறதைவிட, எந்தச் சத்தம் தாங்காது, திடீர்னு திட்டம் மாறினா என்ன ஆகும், எவ்வளவு நேரம் தனியா இருக்கணும், இந்த மூணைச் சொன்னாப் போதும். மூணாவதை மாமியாருக்கும் சொல்லணும். வேலை முடிஞ்சு வந்து ஒரு மணி நேரம் கதவைச் சாத்துறது கோவம்னு எடுத்துக்கிட்டுத்தான் பல வீட்டுல சண்டையே தொடங்குது.