அரசுப் பள்ளி மாணவர்களின் வறுமையை எதைக் கொண்டு அளப்பது?

கேள்வி (ஆய்வு மாணவி, சேலம்):
தமிழ்நாட்டின் அரசுப் பள்ளி மாணவர்களிடையே நிலவும் வறுமையை மாவட்டவாரியாக ஒப்பிட விரும்புகிறேன். 2023இல் நிதி ஆயோக் வெளியிட்ட பல்பரிமாண வறுமைக் குறியீட்டின்படி மாநிலத்தில் வறியவர்கள் 2.2 விழுக்காட்டினரே. அந்த எண் வகுப்பறைக்குப் பொருந்துமா? அமெரிக்காவில் இலவச மதிய உணவுக்குத் தகுதி பெறுவோரை வைத்துப் பள்ளியின் வறுமையைக் கணிப்பது வழக்கம். இங்கே அப்படி ஏதேனும் உண்டா?

மறுமொழி 1 (பட்டதாரி ஆசிரியர், தருமபுரி):
பொருந்தாது, அம்மா. மின்சாரம், வங்கிக் கணக்கு, சமையல் எரிபொருள், ஊட்டச்சத்து எனப் 12 கூறுகளைப் பார்க்கும் அந்தக் குறியீடு, வீட்டு வருமானத்தையோ கந்துவட்டிக் கடனையோ கேட்பதில்லை. வசதியுள்ளவர்களில் பெரும்பாலோர் பிள்ளைகளைத் தனியார் பள்ளிக்கு அனுப்பிவிடுவதால், மாநிலச் சராசரி எங்கள் வகுப்பறையின் சராசரி ஆகாது. வருமானச் சான்றிதழையும் நம்பிவிடாதீர்கள்: தினக்கூலிக்குப் போகிறவர் வீட்டுக்கும் மளிகைக் கடை வைத்திருப்பவர் வீட்டுக்கும் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய் என்றே எழுதி வருவதைத் தொடர்ந்து பார்க்கிறேன்.

மறுமொழி 2 (ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர்):
உணவை வைத்து இங்கே கணக்கிட முடியாது. 1982இல் விரிவுபடுத்தப்பட்ட சத்துணவும், 2022இல் தொடங்கிய காலை உணவும் பெற்றோரின் வருமானத்தைக் கேட்காமலே வழங்கப்படுகின்றன. ஏழைப் பிள்ளை தனி வரிசையில் நின்று தட்டேந்தும் நிலை வரக்கூடாது என்பதால், இதை நான் முழு மனத்துடன் ஆதரிக்கிறேன். திங்கட்கிழமை காலையில் உப்புமாவை இரண்டாம் முறையும் வாங்கிக்கொள்ளும் பிள்ளைகள் யாரென்று பரிமாறுகிறவர்களுக்குத் தெரியும். ஆனால் அது எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. மருத்துவப் படிப்புக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டிலும்கூட, அரசுப் பள்ளியில் படித்ததே தகுதி. வருமான வரம்பு கிடையாது. நகரத்துப் பள்ளியும் மலைக்கிராமத்துப் பள்ளியும் ஒரே தட்டில் வைக்கப்படுவதுதான் இதிலுள்ள குறை.

மறுமொழி 3 (தலைமையாசிரியர், திருவண்ணாமலை மாவட்டம்):
மாதவாரி வருகைப் பதிவைப் பாருங்கள். பொங்கல் முடிந்ததும் பெற்றோர் முன்பணம் வாங்கிக்கொண்டு செங்கல் சூளைக்குப் புறப்படும்போது, பார்த்துக்கொள்ளப் பாட்டி இல்லாத வீட்டுப் பிள்ளைகளும் உடன் போய்விடுகிறார்கள். பெயர் நீக்கப்படாததால் ஆண்டுச் சேர்க்கை எண்ணிக்கையில் இது தெரியவே தெரியாது. டிசம்பர் வருகையையும் பிப்ரவரி வருகையையும் பள்ளிவாரியாக அருகருகே வைத்துப் பார்த்தால், எந்த ஒன்றியத்துக்குப் பருவகால விடுதி உடனடியாகத் தேவை என்பது தெரிந்துவிடும். உரிய அனுமதிக் கடிதத்துடன் வட்டாரக் கல்வி அலுவலரை அணுகுங்கள். தொடக்கப் பள்ளிகளிலிருந்து ஆரம்பிப்பது நல்லது.