பேனாக்கத்தியோடு வெளிநாடு வருபவர்களுக்கு

புதிதாக வந்திருப்பவர்களும், கிளம்பத் தயாராக இருப்பவர்களும் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். சாவிக்கொத்தில் தொங்கும் பேனாக்கத்தியை நாம் யாரும் ஆயுதமாக நினைப்பதில்லை. பார்சல் பிரிக்க, நூல் வெட்ட ஒரு பொருள், அவ்வளவுதான். ஆனால் நீங்கள் இறங்கப் போகும் நாட்டின் சட்டம் அதை அப்படிப் பார்க்காமல் இருக்கலாம்.

முதலில் விமானம். கத்தி என்றால் செக்-இன் பெட்டிதான், வேறு யோசனையே வேண்டாம். பெட்டியைத் திறந்து சோதிப்பவர் கையைக் கிழிக்காதபடி மடக்கி, துணியில் சுற்றி வையுங்கள். இந்தியாவிலும் அமெரிக்காவிலும் கேபினுக்குள் பேனாக்கத்திக்கு அனுமதி இல்லை. ஐரோப்பிய ஒன்றிய விதிகளில் 6 செ.மீ. வரையிலான பிளேடு தடைப் பட்டியலில் வராது. கனடாவும் 2017 நவம்பரிலிருந்து 6 செ.மீ. வரை விடுகிறது, ஆனால் அமெரிக்கா போகும் விமானங்களுக்கு அந்தச் சலுகை கிடையாது.

இந்தச் சலுகையை நம்பித்தான் நான் என் கத்தியை இழந்தேன். அப்பா கொடுத்த சிவப்புக் கத்தி, மடக்கினால் என் சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. புறப்பட்ட இடத்தில் அதிகாரி விரித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். டிரான்சிட்டில் மறுபடி சோதனை. எக்ஸ்ரே திரையில் பை நின்றது, பெல்ட் பின்னோக்கி நகர்ந்தது, லேப்டாப் பையின் பக்கவாட்டு ஜிப்பைத் திறந்து நேராக அதை எடுத்தார்கள். “போன ஏர்போர்ட்டில் விட்டார்களே” என்றேன். அது அங்கே, இது இங்கே என்றார்கள். பெரிய பெட்டி ஏற்கெனவே அடுத்த விமானத்துக்குப் போய்விட்டது. கண்ணாடித் தொட்டியில் நானே அதைப் போட வேண்டியிருந்தது. இன்றும் அது மனதில் உறுத்துகிறது. வழியில் எத்தனை சோதனை உண்டோ, அதில் எது மிகக் கடுமையானதோ அதுதான் உங்களுக்கு விதி.

அடுத்து கஸ்டம்ஸ். இங்கே பிளேடின் நீளத்தைவிடக் கத்தி எப்படித் திறக்கிறது என்பதுதான் பெரிய விஷயம். பட்டனை அழுத்தினால் விரிவது, மணிக்கட்டை உதறினால் விரிவது, இரண்டு கைப்பிடி பிரியும் பட்டாம்பூச்சிக் கத்தி: இவற்றைக் கொண்டுவரவே வேண்டாம். கனடாவின் குற்றவியல் சட்டத்தில் பட்டனில் விரிவதும் உதறலில் விரிவதும் தடை செய்யப்பட்ட ஆயுதங்கள். இங்கிலாந்தில் பட்டன் கத்தியையும் பட்டாம்பூச்சிக் கத்தியையும் 2021-லிருந்து வீட்டுக்குள் வைத்திருப்பதே குற்றம்.

சரி, கத்தி பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டது. அதோடு வெளியே போகலாமா? பலர் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

இங்கிலாந்தில் மடங்கக்கூடிய, லாக் ஆகாத, வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு (7.62 செ.மீ.) மேற்படாத பேனாக்கத்தியைக் காரணம் சொல்லாமலே வைத்திருக்கலாம். விரித்ததும் ‘டக்’கென்று லாக் ஆகிவிட்டால் நீளம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்தச் சலுகை போய்விடும். கத்தி, கத்தரி, திருப்புளி எல்லாம் ஒன்றாக மடங்கும் மல்டிடூல்கள் பலவற்றில் பிளேடு லாக் ஆகும், வாங்கியவருக்கே அது தெரிந்திருக்காது. தகுந்த காரணம் இல்லையென்றால் 4 ஆண்டு வரை சிறை. ஜப்பானில் 6 செ.மீ.க்கு மேற்பட்ட பிளேடைத் தகுந்த காரணமின்றிச் சுமந்தால் 2 ஆண்டு வரை சிறை அல்லது 3 லட்சம் யென் வரை அபராதம். அதைவிடச் சிறியதையும் காரணமின்றி மறைத்து வைத்திருந்தால் வேறொரு சட்டம் பாயும். ஜெர்மனியில் ஒரே கையால் திறந்து லாக் ஆகும் கத்திக்கு ஏற்கெனவே கட்டுப்பாடு உண்டு. 2024 அக்டோபரிலிருந்து பொதுத் திருவிழாக்களிலும் நெடுந்தூர ரயில்களிலும் எந்தக் கத்தியையும் கைக்கெட்டும்படி வைத்திருக்கக் கூடாது.

இதில் எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். “எதற்கு வைத்திருக்கிறாய்?” என்று போலீஸ் கேட்டால், “பாதுகாப்புக்கு” என்பதுதான் பலருக்கும் வாயில் வரும் பதில். இரவு ஷிஃப்ட் முடிந்து தனியாக நடந்து வருகிற பிள்ளைக்கு அந்த எண்ணம் வருவது எனக்குப் புரிகிறது. ஆனால் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா, நியூ சவுத் வேல்ஸ் மாநிலங்களில் தற்காப்பு என்பது ஏற்கத்தக்க காரணமே அல்ல, இங்கிலாந்திலும் பொதுவாக அதை ஏற்பதில்லை. வெறும் கருவியாக இருந்த பொருளை அந்த ஒரு சொல் ஆயுதமாக்கிவிடும். பயமாக இருந்தால் கூட ஒருவரை வரச் சொல்லுங்கள், வேறு வழியில் வாருங்கள். கத்தியை மட்டும் எடுக்காதீர்கள்.

வேர்ஹவுஸில் அட்டைப்பெட்டி வெட்டும் கத்தி கொடுத்திருக்கிறார்கள், பாக்கெட்டிலேயே வீட்டுக்கு வந்துவிடுகிறது என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். தம்பி, வேலை நேரத்தில் அது கையில் இருக்கக் காரணம் உண்டு. சனிக்கிழமை இரவு அதே சட்டையோடு வெளியே போகும்போது அந்தக் காரணம் உங்களோடு வராது. ஷிஃப்ட் முடிந்ததும் லாக்கரில் வைத்துவிட்டுக் கிளம்புங்கள். சமையலறைக்குக் கத்தி வாங்கினால் உறையைப் பிரிக்காமல், ரசீதோடு பையின் அடியில் போட்டு நேராக வீட்டுக்கு வாருங்கள்.

அப்புறம், எப்போதாவது போலீஸ் நிறுத்திச் சோதித்தால், கத்தி இருப்பதை முதலிலேயே வாயால் சொல்லிவிடுங்கள், எந்தப் பையில் என்பதையும் சேர்த்து. காட்டுகிறேன் என்று நீங்களே கையை உள்ளே விடாதீர்கள். அவர்களே எடுக்கட்டும்.