குடிநீர் லாரி வராத நாளில் மிதந்த மணல்

வடசென்னையின் மணலியில் ஒரு சிறிய ஆய்வகத்தில் பணியாற்றியபோது நேர்ந்ததைப் பகிர்கிறேன். சிலிக்கா கலந்த தரம் குறைந்த சுண்ணாம்புக்கல்லை அரைத்து, காஸ்டிக் சோடாவால் பி.எச். அளவை (காரநிலையை) 11-க்கு அருகில் வைத்து, சோடியம் ஓலியேட் என்ற சோப்பைச் சேகரிப்பானாக, அதாவது துகள்களில் ஒட்டி அவற்றைக் காற்றுக்குமிழியோடு சேர்க்கும் பொருளாகச் சேர்த்து, காற்றைச் செலுத்தி நுரையோடு தாதுவை ஏற்றும் நுரைமிதப்பு முறையில் சுண்ணாம்புக்கல்லின் கனிமமான கால்சைட்டை மேலே எடுத்து, மணலாகிய குவார்ட்ஸை அடியில் நிறுத்துவதே எங்கள் வேலை. பல வாரங்கள் சீராக வந்த முடிவு, கோடையில் குடிநீர் லாரி வராததால் வளாகத்து ஆழ்துளைக் கிணற்று நீரை எடுத்த அன்றே குலைந்தது. நுரை மெலிந்து திப்பிதிப்பியாகத் திரண்டது. வழித்தெடுத்ததை உலர்த்தி கால்சைட்டைக் கரைக்கும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இட்டபோது, கரையாமல் தங்கிய மணல் வழக்கத்தைவிட மிகுதியாக இருந்தது.

முதலில் அரைத்த பக்குவத்தைத்தான் சந்தேகித்தேன். பிறகு இ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருளைக் கொண்டு நீரின் கடினத்தன்மையை, அதாவது அதில் கரைந்துள்ள கால்சியம், மக்னீசியத்தின் அளவைப் பார்த்தேன். குடிநீருக்கான இந்தியத் தரத்தின் உச்ச வரம்பான லிட்டருக்கு 600 மில்லிகிராமை அது தாண்டியிருந்தது. மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் ஊடுருவியிருப்பதை அறிந்தவன், இதை முன்பே எண்ணியிருக்க வேண்டும்.

குவார்ட்ஸின் மேற்பரப்பு பி.எச். 2-க்கு மேல் எதிர்மின் சுமை உடையது. ஓலியேட்டும் எதிர்மின் அயனியே என்பதால் இரண்டும் ஒட்டுவதில்லை. ஆனால் கால்சியம் அயனிகள் உயர்ந்த காரநிலையில் ஹைட்ராக்சைடுடன் இணைந்து, நேர்மின் சுமையோடு குவார்ட்ஸின் மீது படிந்து, ஓலியேட் பற்றிக்கொள்ள ஒரு பாலமாகிவிடுகின்றன. துத்தநாகத் தாதுவான ஸ்பேலரைட்டை மிதக்கவைக்க காப்பர் சல்பேட்டை வேண்டுமென்றே சேர்க்கிறார்கள். அங்கே விரும்பி அழைக்கும் தாமிர அயனியின் வேலையை, இங்கே அழையாமல் வந்த கால்சியம் செய்துவிட்டது. மீதிக் கால்சியமும் மக்னீசியமும் ஓலியேட்டைக் கரையாத சோப்பாக மாற்றி வீணாக்கின. தண்டையார்பேட்டையில் உப்புத் தண்ணீரில் துணி துவைப்பவர்கள் வாளியில் காணும் வெள்ளைத் திரை இதுவேதான்.

ஓலியேட்டுக்கு முன்பே சோடியம் கார்பனேட்டைச் சேர்த்து, கால்சியம் வீழ்படிவாகும்வரை காத்திருந்ததில் நிலைமை பெரிதும் தேறியது. வரிசையை மாற்றிச் சேர்த்தபோது அவ்வளவு பயன் கிடைக்கவில்லை.

ஆயினும் என் மனம் அடங்கவில்லை. காய்ச்சி வடித்த நீரில் தூய குவார்ட்ஸை மட்டும் இட்டு, அதே பி.எச். அளவில் ஓலியேட் சேர்த்துப் பார்த்தேன். வெறும் நுரைதான் எழுந்தது. சிறிது கால்சியம் குளோரைடைச் சேர்த்துக் கலக்கிவிட்டு மீண்டும் காற்றைத் திறந்தேன். மணல் நுரையோடு ஏறி வந்தது.