எச்டிஎம்ஐ போட்டால் படம் கறுக்கிறது, ஏவி போட்டால் மங்கல்: காம்பொனென்ட் ஒயர் சரிவருமா?

வணக்கம். மதுரை, லோக்கல் கேபிள், எச்டி செட்டாப் பாக்ஸ். டிவி 2014 மாடல், 40 இன்ச், ஃபுல் எச்டி.

போன மாதத்திலிருந்து எச்டிஎம்ஐயில் பார்க்கும்போது திடீரென்று திரை கறுத்து, இரண்டு நொடியில் திரும்பி வருகிறது. சில சமயம் 'நோ சிக்னல்'. மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஏவி ஒயரில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் கிரிக்கெட் ஸ்கோரில் 3 எது, 8 எது என்று தெரியவில்லை; சிவப்பு நிறம் ஓரத்தில் வழிகிறது. எட்டடி தள்ளி உட்காரும் அப்பாவால் எதையும் படிக்க முடியவில்லை, அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

புது எச்டிஎம்ஐ கேபிள் வாங்கினேன். டிவியில் வேறு போர்ட்டில் மாட்டினேன். பாக்ஸில் படத் தெளிவு அளவை (ரெசல்யூஷன்) 1080ஐ-யிலிருந்து 720பி-க்கு மாற்றினேன், ரீசெட்டும் செய்தேன். பலனில்லை. லேப்டாப்பை அதே கேபிளில் இணைத்தால் டிவி ஒழுங்காக ஓடுகிறது. ஆபரேட்டரோ டிவிதான் பழுது என்கிறார்!

பாக்ஸிலும் டிவியிலும் பச்சை, நீலம், சிவப்பு காம்பொனென்ட் துளைகள் இருக்கின்றன. அதில் 1080ஐ வரை போகும். இரண்டையும் பார்த்தவர்கள் சொல்லுங்கள்: 40 இன்ச் திரையில் காம்பொனென்ட், எச்டிஎம்ஐ அளவுக்கு எழுத்தைத் தெளிவாகக் காட்டுமா?