ஆன்லைனில் படிக்கப் போய் அசடு வழிந்த கதைகள்

டேலி காலத்து ஆள்:
வயது 51, கணக்கர் வேலை. எக்செல் வேலையையெல்லாம் பைத்தான் புரோகிராமுக்கு மாற்றப் போகிறோம் என்று ஆபீசில் சொன்னார்கள், பயந்துபோய், ஐஐடிக்காரர்கள் ஆன்லைனில் பாடம் நடத்தும் என்பிடெல்லில் சேர்ந்தேன். வீடியோ இலவசம், தேர்வுக்கு மட்டும் 1000 ரூபாய் கட்டினேன். தேர்வன்று காலை கல்லூரி வாசலில் செக்யூரிட்டி தடுத்து, "பேரன்ட்ஸ் எல்லாம் அந்த வேப்பமரத்தடியில உட்காருங்க சார்" என்றார். ஹால் டிக்கெட் சட்டைப் பையில்தான் இருந்தது. எடுத்துக் காட்டவில்லை. போய் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் "பொண்ணா, பையனா?" என்றார். "பையன்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை புரியவில்லை. அப்புறம் பாத்ரூம் போகிற மாதிரி எழுந்து உள்ளே நுழைந்தேன். நூற்றுக்கு 58 வாங்கிப் பாஸ். சான்றிதழை வீட்டில்கூடக் காட்டவில்லை.

ஓஎம்ஆர் வாசி:
நீங்களாவது நிஜமாகப் படித்தீர்கள் சார். எங்கள் கம்பெனியில் வருஷத்துக்கு 40 மணி நேரம் ஆன்லைன் பயிற்சி கட்டாயம். சத்தத்தை அணைத்துவிட்டு வீடியோவை ஓரமாக ஓடவிடுவோம். ஆபீஸ் சாட் ஆப்பான டீம்ஸில், ஆள் இருப்பதைக் காட்டும் பச்சைப் புள்ளி மஞ்சளாகிவிடாமல் நடுநடுவே மவுஸை ஆட்டுவோம். அது எல்லோரும் செய்வதுதான். எனக்கு உறுத்துவது வேறு. போன வருஷம் கோபைலட் என்கிற ஏஐ எழுதிக் கொடுத்த புரோகிராமை அப்படியே போட்டுவிட்டேன். புரோகிராமைச் சரிபார்க்கும் ரிவ்யூ காலில், புதிதாகச் சேர்ந்த பெண், கேலியாக இல்லை, கற்றுக்கொள்ளத்தான், "அண்ணா, இந்த லைன் எதுக்கு?" என்று கேட்டாள். புரோகிராம் ஓடுகிறது, டெஸ்ட் எல்லாம் பாஸ். எதற்கென்று மட்டும் எனக்குத் தெரியவில்லை. "நெட் கட்டாகுது" என்று சொல்லி வெளியே வந்துவிட்டேன்.

கணக்கு டீச்சர்:
பயிற்சியைக் குறை சொல்லாதீங்க தம்பி, ஓடவிட்டது நீங்கள்தானே? 2020 ஊரடங்கில் ஜூமில் பாடம் எடுத்தவள் நான். இலவசக் கணக்கு, 40 நிமிடத்தில் தானாக அறுந்துவிடும். ஒருநாள் அறுந்தது தெரியாமல் போர்டைப் பார்த்தபடி சைன், காஸ் நடத்திக்கொண்டே இருந்தேன். மாமியார் வந்து "யாருகிட்ட பேசிட்டிருக்க?" என்றார். சரி, அதை விடுங்கள். வீடியோவை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டாதீர்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, பார்க்காமல் நோட்டில் எழுதிப் பாருங்கள். புரோகிராமை காப்பி பேஸ்ட் பண்ணாமல் ஒவ்வொரு வரியாக நீங்களே டைப் பண்ணுங்கள். என்பிடெல்லின் 12 வாரப் பாடத்தில் சிறந்த 8 அசைன்மென்ட்தானே கணக்கு என்று நாலு வாரத்தை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். அசைன்மென்ட்டுக்கு 25 மார்க்தான். மீதி 75 ஹாலில் உட்கார்ந்து எழுதுவது, விட்ட வாரம் அங்கே வந்து நிற்கும். டேலி சாருக்கு 58 போக மீதி 42 எங்கே போயிருக்கும் என்று இப்போது புரிகிறதா?

ஓஎம்ஆர் வாசி:
டீச்சர், யாரும் டிப்ஸ் கேட்கவில்லை.

டேலி காலத்து ஆள்:
12 அசைன்மென்ட்டும் போட்டேன் டீச்சர். கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டேன், அதுதான் 58. தம்பி, அந்த லைன் எதற்கென்று அப்புறம் தெரிந்ததா?

ஓஎம்ஆர் வாசி:
அந்தப் பெண் அதை எடுத்துவிட்டு ஓட்டிப் பார்த்தாளாம் சார். ஒரு வித்தியாசமும் இல்லையாம், மெசேஜ் போட்டிருந்தாள். கட்டைவிரலை மட்டும் தூக்கிக் காட்டினேன். லைன் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.