புதுப்பிப்பு: மலைப்பாதை இறக்கத்தில் பிரேக் சூடாகும் சிக்கல் தீர்ந்தது

காட்டு மலைப்பாதையில் இறங்கும்போது பிரேக்கிலிருந்து கருகிய வாடை வருகிறது, ஏற்றத்தில் சக்கரம் வழுக்குகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி. அதே பாதையில் மறுபடி போய், ஓர் இரவு கூடாரத்தில் தங்கித் திரும்பினேன்.

இறக்கத்துக்குக் கைகொடுத்தது 'லோ ரேஞ்ச் (நான்கு சக்கர இயக்க வண்டியில் வேகத்தைக் குறைத்து இழுவிசையைக் கூட்டும் கியர் அமைப்பு), முதல் கியர்' யோசனைதான். எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடித்தது. பிரேக்கை அங்கங்கே லேசாகத் தொட்டதோடு சரி. கிளட்சை மிதித்தால் எஞ்சினின் பிடி விட்டுப்போகும், அதனால் மிதிக்கக் கூடாது என்பது மட்டும் என் இடது காலுக்கு உறைக்க நேரமாயிற்று! டயர் காற்றை 33-லிருந்து 22 பிஎஸ்ஐக்குக் குறைத்ததும் வழுக்கல் பெரும்பாலும் நின்றது.

எதிர்பாராத ஒன்று: காற்றழுத்த எச்சரிக்கை விளக்கு வழி நெடுக எரிந்தது. பழுதில்லை, தார்ச்சாலையில் மீண்டும் காற்று நிரப்பிச் சற்று ஓட்டியதும் அணைந்தது. கையில் பம்பு இல்லாமல் காற்றை இறக்கிவிடாதீர்கள்.